உண்ணி பொறுக்கிய ராஜா

குளத்தங்கரையில் ஓர் உண்ணிக்கொக்கு இருந்தது. பெயர் மஞ்சமூக்கன். அதற்கு இரண்டு வேலை. காலையில் எருமை மேல் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும். மதியம் கூத்துக் குழுவில் நடிக்கும்.

எருமையின் பெயர் மொட்டைக்கொம்பி. கொம்பு பாதிதான் இருக்கும். கோபம் முழுசாக இருக்கும். அதன் மேல் இருந்த உண்ணிதான் மஞ்சமூக்கனுக்குச் சாப்பாடு. எருமைக்கு அரிப்பு போகும், கொக்குக்கு வயிறு நிறையும். முதலில் காது, அப்புறம் கழுத்து, கடைசியில் வாலடி. காதுக்குள் எருமையின் வாலும் எட்டாது, நாக்கும் எட்டாது. அதனால் காதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கூத்துக் குழுவை நடத்தியது ஓர் உடும்பு. எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். குழுவில் தவளை, ஓணான், எலி, தத்துக்கிளி எல்லாம் உண்டு. வெளியே பார்த்துக்கொண்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் வாத்தியார் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். குழுவில் இருப்பவர் குழுவில் இருப்பவரைத் தின்னக் கூடாது. சாப்பாட்டை அவரவர் வெளியே முடித்துவிட்டு வர வேண்டும். பசியோடு யாரும் மேடை ஏறக் கூடாது.

குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாகப் பாயும் நாளில் கூத்துப் போடுவது வழக்கம். அந்த வருஷம் நல்ல மழை. தண்ணீர் முக்கால் கரை ஏறியதுமே வாத்தியார் வேஷங்களைப் பிரித்துக் கொடுத்தார்.

"மஞ்சமூக்கா, உனக்கு ராஜா வேஷம்! கடைசியில அம்பு பட்டு விழணும். விழுந்துகிட்டே பெரிய வசனம் பேசணும்."

கொக்கின் கழுத்து இரண்டு மடங்கு நீண்டது.

"ஆனா காலையிலயும் ஒத்திகை உண்டு," என்றார் வாத்தியார். "உனக்கு எருமை வேலை இருக்குல்லா? முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. தூதுவன் வேஷம் தாரேன். ரெண்டே வரி. வந்தோமா போனோமான்னு இருக்கலாம்."

"தூதுவனா! நானா! அந்த எருமை வேலையெல்லாம் நான் கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன் வாத்தியாரே!"

மறுநாள் காலையில் மொட்டைக்கொம்பி கேட்டது.

"ஏலே, ராஜா ஆயிட்டியாமே! எலி சொல்லிச்சு."

"ஆமாக்கா."

"உனக்கு நேரம் பத்தாதே. ஒரு பத்து நாளைக்கு மாடத்திய வரச் சொல்லட்டா? கூத்து முடிஞ்சதும் நீ வா."

மாடத்தி என்பது ஒரு மைனா. பக்கத்து எருமை மேல் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சமூக்கன் திரும்பி அதைப் பார்த்தது. பத்து நாளைக்கு வந்து உட்கார்வது பதினோராம் நாள் எழுந்து போகுமா?

"மாடத்தியா? வேண்டவே வேண்டாம்! நான் இருக்கேன்ல!"

ஆக, வாத்தியார் ஒரு வழி சொன்னார். எருமை ஒரு வழி சொன்னது. கொக்கு இரண்டையும் வேண்டாம் என்றது.

முதல் இரண்டு நாள் எப்படியோ ஓடியது. மூன்றாம் நாள் ஒத்திகை இழுத்துவிட்டது. கொக்கு தாமதமாக எருமையிடம் வந்தது. உடனே திரும்பவும் வேண்டும். காது நிறைய உண்ணி. ஒவ்வொன்றாகப் பிடுங்க நேரம் இல்லை.

கொக்குக்கு ஒரு யோசனை வந்தது. நான் நடிகன்தானே?

அலகைத் திறக்காமல் காது மடலில் டொக் டொக் என்று தட்டியது. தலையைப் பின்னால் சாய்த்து விழுங்குவது போல் செய்தது. தொண்டையைக்கூட அசைத்துக் காட்டியது. பிரமாதமான நடிப்பு. பார்க்கத்தான் யாரும் இல்லை.

"முடிஞ்சுதாலே?"

"சுத்தம்க்கா! ஒண்ணுகூட இல்ல!"

"அரிக்குதே?"

"அது பழைய அரிப்பு. போகப் போகச் சரியாயிரும்."

எருமை நம்பியது. நான்காம் நாளும் அதே நடிப்பு. ஐந்தாம் நாளும். காதருகே தட்டும் சத்தம் கேட்கும். கொக்கின் மனசுக்குள் ராஜா வசனம் ஓடும்.

இதில் ஒரு சிக்கல். நடித்து விழுங்கினால் வயிறு நிறையாது. வழியில் கிடைக்கிற எறும்பும் பூச்சியும்தான் அதற்குச் சாப்பாடு என்று ஆனது. கொக்கு இளைத்தது.

குழுவில் வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு தத்துக்கிளி இருந்தது. பெயர் தாண்டவன். யாராவது வசனம் மறந்தால் பக்கத்தில் குதித்து வந்து, காதோரம் மெல்லச் சொல்லிவிட்டுப் போகும். அதுதான் முதலில் கவனித்தது.

"என்னப்பா, வயிறு ஒட்டிக் கெடக்கு? சாப்பிட்டியா?"

"ம். ஏழு உண்ணி."

"நெசமாவா?"

"நெசமாத்தான்!"

"அப்புறம் என் தொடையை ஏன் பாக்குற?"

"வசனம் யோசிக்கிறேன்."

தாண்டவன் சிரித்தது. ஒரே குழுவில்தானே இருக்கிறோம் என்று அதற்குத் தைரியம்.

பத்தாம் நாள் காலையில் மறுகால் பாய்ந்தது. குளத்தங்கரையில் ஒரே கொண்டாட்டம். மொட்டைக்கொம்பியின் கன்று தண்ணீர் பார்க்க ஓடியது. ஓடிய இடம் சேறு. வயிறு வரைக்கும் இறங்கிவிட்டது.

"ம்மா! ம்மா!" என்று கத்தியது.

மொட்டைக்கொம்பி பத்தடி தள்ளி நின்று புல் தின்றுகொண்டிருந்தது. கன்று கத்தியது இடது பக்கம். எருமை திரும்பவே இல்லை. சேறு கன்றின் கழுத்துக்கு வந்தது.

மாடத்தி பறந்து வந்து எருமையின் வலது காதில் கத்தியது. "உம்புள்ளை முங்குதுக்கா! செவிடா நீ?"

எருமை பாய்ந்து சேற்றில் இறங்கியது. நெற்றியால் முட்டி முட்டிக் கன்றைக் கரை ஏற்றியது. கன்று நடுங்கிக்கொண்டு நின்றது. எருமை மூச்சு வாங்கியது.

"மாடத்தி, இந்தக் காதக் கொஞ்சம் பாரு."

மாடத்தி இடது காதுக்குள் தலையை விட்டது. "அய்யய்யோ! ஆமணக்கு விதை கணக்கா பதினோரு உண்ணி! காதே அடைச்சுக் கெடக்கு!"

அந்த நேரம் பார்த்து மஞ்சமூக்கன் வந்து முதுகில் உட்கார்ந்தது.

"நேத்து என்னலே சொன்ன?" என்றது எருமை.

"சுத்தம்னு…"

"பதினொண்ணு இருக்காம். இவங்க யாரு, உன் ராஜ்யத்து ஜனங்களா?"

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள்…"

"எம்புள்ளை கத்துனது எனக்குக் கேக்கல. எறங்குலே."

கொக்கு இறங்கியது. மாடத்தி ஏறியது. அவ்வளவுதான்.

போனால் போகட்டும் என்று கொக்கு தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. இனிமேல் நான் முழுநேர நடிகன். இரை தேடலாம் என்று பார்த்தால், அதற்குள் தவளைகள் தாளம் போட ஆரம்பித்துவிட்டன.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று வாத்தியார் கேட்டார்.

"ஆச்சு!" என்று குழு சொன்னது. கொக்கின் குரல்தான் எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்டது.

நல்ல கூட்டம். வாத்து, முயல், கீரி, மைனா எல்லாம் வந்திருந்தன. கொக்கு நன்றாகவே நடித்தது. அதை மறுக்க முடியாது. நடந்தால் ராஜா. நின்றால் ராஜா. அம்பு பட்டது. தள்ளாடியது. அந்தத் தள்ளாட்டத்தில் பாதி பசி. மேடை நடுவில் விழுந்து வசனத்தை ஆரம்பித்தது.

"குடிமக்களே! நான் விடைபெறுகிறேன்! என் நிழலில் வாழ்ந்த எந்த உயிருக்கும்…"

அதற்கு மேல் வரவில்லை. கண் இருட்டியது.

"எந்த உயிருக்கும்…"

தாண்டவன் ஓர் இலைக்குப் பின்னால் இருந்து குதித்தது. அலகுக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னது. "நான் தீங்கு செய்…"

டப்!

கொக்கு யோசிக்கவில்லை. அலகு திறந்தது, மூடியது. தொண்டை அசைந்தது. இந்தத் தடவை நடிப்பு இல்லை.

கூட்டம் எம்பிப் பார்த்தது. பிறகு ஆரவாரம்.

"உசிரு போறத எப்படிக் காட்டுது பாருங்க!"

"வாயத் தொறந்து மூடுச்சே, அதுல்லா நடிப்பு!"

வாத்துகள் இறக்கை தட்டின. கொக்கின் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை. அது மெல்லத் தலையைத் தூக்கியது. வசனத்தை முடிக்க வேண்டும். பழக்கத்தில் இலைப் பக்கம் திரும்பி, தாண்டவன் சொல்லட்டும் என்று காத்திருந்தது.

யாரும் சொல்லவில்லை.

மேடை ஓரத்தில் நின்ற எலிதான் கண்டுபிடித்தது. "தாண்டவன் எங்க?"

கொக்கின் அலகு ஓரத்தில் ஒரு பச்சைக் கால் ஒட்டிக்கொண்டிருந்தது.

தாளம் நின்றது. தவளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் குதித்தன. ஓணான் மரத்தில் ஏறியது. எலியைக் காணோம். மேடையில் ராஜா மட்டும் கிடந்தது.

வாத்தியார் வந்து நின்றார். "சாப்பிட்டியான்னு கேட்டேனே."

கொக்கு தலை குனிந்தது.

"பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீ போய்த் தின்னுட்டு வார வரைக்கும் இந்தக் கூட்டம் உக்காந்திருக்கும்லே! மறுகால் எங்க ஓடிரப் போகுது?"

"வேஷம் போயிரும்னு பயந்தேன் வாத்தியாரே."

"அதுக்கு முந்தி?"

"எருமை போயிரும்னு பயந்தேன்."

"தாண்டவன் போயிட்டானே," என்றார் வாத்தியார். திரும்பி நடந்துவிட்டார்.

அடுத்த வருஷம் குழு வேறு கூத்துப் போட்டது. அதில் ராஜாவே இல்லை. கொக்கோடு மேடை ஏற ஒரு தவளைகூடச் சம்மதிக்கவில்லை. எருமைகளிடமும் விஷயம் பரவியிருந்தது. மஞ்சமூக்கன் எந்த முதுகில் போய் உட்கார்ந்தாலும் ஒரே கேள்வி வந்தது.

"என்ன, எங்காதுல நடிக்க வந்தியா?"

கேள்வி முடியும் முன்பே வால் வந்து அடிக்கும்.

இரண்டு வேலை பார்ப்பது தப்பே இல்லை, ஆனால் முடியாதபோது முடியவில்லை என்று வாய் திறந்து சொல்லாதவன் இரண்டையும் இழப்பான், கூட இருப்பவனையும் அழிப்பான்.