துணி உலர்த்திய மூங்கில்

விசுக், விசுக் என்று காற்றைக் கிழிக்கும் ஓர் ஓசை. கொற்றியின் கணவன் தூண்டில் வீசும் ஓசை அது. அவன் செத்துப்போய் ஆறு வருஷமாகியும் அவள் காதைவிட்டு அது போகவில்லை.

மலைகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலம், கேளுங்கள். ஓர் ஆற்றங்கரையில் மீன்பிடிப்பவர்கள் இருந்தார்கள். ஈசலைப்போல இறகு கட்டிய முள்ளை நீர்மேல் வீசுவார்கள். அங்கே தூண்டில் கோலின் நீளமே ஆளின் பெருமை. பெரிய குடும்பத்து ஆளுக்குப் பன்னிரண்டு முழம். மற்ற ஆண்களுக்கு எட்டு முழம். கணவனை இழந்தவளுக்கு மூன்று முழம்.

ஒருநாள் துறைத்தலைவர் இறந்துபோனார். ஓடையில் ஒன்று, மடுவில் ஒன்று, அணைக்கல் அடியில் ஒன்று என்று பொழுது சாய்வதற்குள் மூன்று மீன் பிடிப்பவரே அடுத்த தலைவர் என்றார்கள் பெரியவர்கள்.

வெள்ளிப்பூண் போட்ட பன்னிரண்டு முழக் கோலோடு, பெரிய குடும்பத்துப் பூதன் வந்தான். "நான் தலைவனானால் முதல் வேலை, புருஷனில்லாதவள் ஆற்றில் முள் போடக் கூடாது!" என்றான்.

கொற்றிக்கு இரண்டு பெண்கள். அந்த முள்தான் அவர்களுக்குச் சோறு. அவள் வீட்டுக்கு ஓடினாள். கணவனின் கோலில் உலர்ந்த சேலைகளை உருவிப் போட்டாள். அந்த மூங்கிலையும், தன் மூன்று முழக் கோலையும், ஆட்டுக்குத் தழை பறிக்கும் தொரட்டியையும் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"துணி காயப் போடவா வந்தாய்?" என்று சிரித்தான் பூதன். அப்புறம் உற்றுப் பார்த்தான். "எட்டு முழம் இவள் எடுக்கலாமா?"

"இது கோலா அண்ணே? நேற்றுவரை என் சேலை காய்ந்த கம்பு. கொடிக்கம்புக்கும் தொரட்டிக்கும் வழக்கத்தில் அளவு உண்டா?"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லை அம்மா. இறங்கு" என்றார்கள்.

ஓடையின்மேல் மரங்கள் கவிந்திருந்தன. பூதனின் கோல் கிளையில் மாட்டியது. அவன் மரத்தில் ஏறி முள்ளை எடுப்பதற்குள், கொற்றி மூன்று முழக் கோலால் ஒரு சிறு கெண்டையை எடுத்துவிட்டாள்.

மடு அகலமானது. மீன்கள் நடுவில்தான் துள்ளின. பூதன் அங்கே இரண்டு மீன் பிடித்தான். கொற்றி கொடிமூங்கிலை வீசினாள். விசுக், விசுக். அவள் கண் நிறைந்தது. அவளுக்கும் ஒன்று கிடைத்தது.

அணைக்கல் அடியில் வாளை கிடந்தது, ஆள் உயரம். பூதன் வீசியதும் அது கவ்வியது. மெல்லிய கோல் மளாரென்று ஒடிந்தது. வெள்ளிப்பூண் தண்ணீரோடு போனது. கொற்றி முரட்டுத் தொரட்டியில் கயிறு கட்டி, சேவல் இறகு சுற்றிய பெரிய முள்ளைப் போட்டாள். கல்லில் கால் ஊன்றி இழுத்தாள். பொழுது சாய்வதற்குள் வாளை கரையில் கிடந்தது.

கொற்றி துறைத்தலைவி ஆனாள். அன்று முதல் அந்தத் துறையில் யாரும் எந்தக் கோலையும் எடுக்கலாம் என்று ஆயிற்று.

கோலின் பெருமையைப் பார்த்துத் தண்ணீருக்குப் போகாதே. தண்ணீரைப் பார்த்துக் கோலை எடு.

பூதன் மறுவாரமே மூன்று முழத்தில் ஒரு கோல் வெட்டிக்கொண்டான். சாகும்வரை ஓடையில்தான் மீன் பிடித்தான்.