புளியங்கொட்டையில் அளந்த அறிவு

அரசர்களின் ஆசையெல்லாம் பொழுது சாய்வதற்குள் ஆணையாகிவிடும் காலம் அது. அப்படி ஒரு நாட்டு மன்னருக்கு, நெல்லை அளப்பது போல மனிதரின் அறிவையும் அளந்து பார்த்துவிட வேண்டும் என்று திடீரென்று தோன்றிவிட்டது.

அந்தச் சபையில் விகடகவி வேம்பன் இருந்தான். ஊரையே வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு செத்துப் பல வருஷமாயிற்று. அவன் மனைவி அல்லி, படுக்கையில் கிடந்த தகப்பனை விட்டு வர முடியாமல் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள். அரண்மனை விருந்தில் உட்கார்ந்தால் இன்று அவள் என்ன சாப்பிட்டாளோ என்று நினைப்பான். கை அப்படியே நின்றுவிடும். விடுப்புக் கேட்டாலோ, "உன்னை அனுப்பிவிட்டு நான் யாரோடு பேசுவேன்?" என்பார் மன்னர். கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்துப் போயிற்று.

வேம்பனைக் கண்டாலே வயிறெரியும் கோளரிப் பண்டிதர் முன்னால் வந்தார்.

"அரசே, எண், வடிவம், நினைவு மூன்றிலும் கேள்வி கேட்டால் போதும். ஒன்றில் கூர்மையான மூளை மற்றதிலும் கூர்மையாகவே இருக்கும். முதலிடம் பெறுபவர் தங்கள் அருகை விட்டு அகலக் கூடாது. கடைசியில் நிற்பவர் அன்றே ஊரை விட்டுப் போக வேண்டும்."

வேம்பனுக்கு வாய்ச் சவடாலைத் தவிர ஒன்றும் தெரியாது என்பது பண்டிதரின் எண்ணம். மன்னர் அப்படியே ஆணையிட்டார். ஊரை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டதும் வேம்பனுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

சபையிலும் வாசலிலும் இருந்த எல்லோரும் பண்டிதரின் கேள்விகளுக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொன்னால் போதும். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் அவரவர் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை விழும். தூங்கி வழிந்த வாயிற்காவலன் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே சொல்லிவைத்தான். அவன் கிண்ணமே பாதி நிறைந்தது. வேம்பன் ஒவ்வொரு கேள்வியையும் ஊன்றிக் கேட்டு, யோசித்துப் பதில் சொன்னான். அவன் கிண்ணத்தில் ஒரு கொட்டை கூட விழவில்லை.

"பார்த்தீர்களா அரசே!" என்று பண்டிதர் துள்ளினார்.

மன்னர் தாடையைத் தடவினார். "பண்டிதரே, தூங்கியவனுக்கே பாதி கிடைத்ததே. சரியான பதில் அத்தனையும் தெரிந்தவனால்தான் ஒன்று விடாமல் தப்பாகச் சொல்ல முடியும். முதலிடம் வேம்பனுக்கே! வேம்பா, இனி நீ என் அருகை விட்டு அகலக் கூடாது."

வேம்பனுக்கு அக்கரை ஒரேயடியாக எட்டிப்போனது. ஆனாலும் கைகூப்பி நின்றான்.

"அரசே, தங்கள் ஆணை இரண்டும் என் தலையில் விழுந்துவிட்டன. கொட்டை வாங்காத நான் இன்றே ஊரை விட்டுப் போக வேண்டும். எல்லாம் தெரிந்த நான் தங்கள் அருகை விட்டு அகலவும் கூடாது. இரண்டும் நிறைவேற ஒரே வழிதான். தாங்களும் என்னோடு கிளம்ப வேண்டும்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "பூட்டுங்கள் தேரை!" என்றார். பண்டிதர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கரையில் அல்லி ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். வேம்பனின் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஆளே மாறிப் போயிட்டீங்களே" என்றவள், "கூட வந்திருக்கிறவரு யாரு?" என்று கேட்டாள்.

"என்னை விட்டு ஒரு நாள்கூட இருக்க முடியாதவர், அல்லி."

அவள் மன்னரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒரு நாள்கூடவா முடியலை? நான் இருந்தேனே ஐயா."

மன்னர் தலை குனிந்து நின்றார். பிறகு மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவரைப் பார்த்தே அவர் சிரித்தது. திரும்பிப் போய்த் தேரில் ஏறினார்.

வேம்பன் பதறினான். "அரசே, தங்கள் ஆணை?"

"நீ அகலக் கூடாது என்றுதான் ஆணை. நான் அகலக் கூடாது என்று யார் சொன்னது?"

தேர் ஆற்றங்கரை திரும்பி மறைந்தது. அல்லி அவன் கையைப் பிடித்தாள். "உள்ளே வாங்க, சோறு ஆறுது" என்றாள்.