அகவொளிப் பெருந்தகையும் சுவரில்லாக் கிணறும்

செங்கழனி நாட்டை ஆண்ட பெருங்கோவனுக்கு ரொம்ப மென்மையான மனசு. எவ்வளவு மென்மை என்றால், தன் நாட்டில் ஏழைகள் இருக்கிறார்கள் என்று காதால் கேட்கவே தாங்காது. அமைச்சர் அருமைநாயகம் பார்த்தார். அந்தச் சொல்லையே ஒழித்துக் கொடுத்துவிட்டார். ஏழ்மையை ஒழிப்பதைவிட அது சுலபம்.

ஒன்றில் ஆரம்பித்த பட்டியல் எண்பத்து நான்கில் வந்து நின்றது. ஏழை இனிமேல் 'எளிமையில் திளைப்பவர்'. நொண்டி 'நிதான நடைப் பெருமகன்'. குருடன் 'அகவொளிப் பெருந்தகை'. பசி என்று சொல்லக் கூடாது, அது 'உணவை எதிர்நோக்கும் இனிய நிலை'. விலக்கிய சொல்லை யார் எக்காரணம் கொண்டு வாயால் சொன்னாலும், சொல்லுக்கு ஒரு மாதம் மலையடிவாரத்தில் கல் சுமக்க வேண்டும். யார் மனமும் புண்படக் கூடாதாம். முதுகு புண்படுவதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அவையில் வேடிக்கைப் பேச்சுக்கென்று வெண்காடன் என்று ஒருவன் இருந்தான். தோல் பதனிடும் தெருவில் பிறந்தவன். தன் தெருக்காரர்களை 'ஏய்' என்று கூப்பிடாதே, 'வாங்க' என்று கூப்பிடு என்று பன்னிரண்டு வருடம் சந்தையில் நின்று சண்டை போட்டவன். இரண்டு பல்லை அங்கேயே விட்டு வந்தவன். அந்தக் காலத்தில் எதிர்ப்பக்கம் நின்று 'ஏய்' போட்டவர்களில் முதல் வரிசை அருமைநாயகம். இப்போது நாட்டின் மரியாதை முழுவதையும் குத்தகைக்கு எடுத்திருப்பவரும் அவரேதான். 'வாங்க' கேட்டபோது கூடவே உட்கார இடமும் கேட்டோமே, அது எங்கே போயிற்று என்று வெண்காடன் தனக்குள் கறுவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சடையாண்டியின் வழக்கு வந்தது.

சடையாண்டிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. கயிற்றுக்காரத் தெருவில் தேங்காய் நார் திரித்துப் பிழைப்பவர். தெரு நடுவே ஒரு பொதுக்கிணறு. சுற்றிலும் ஒரு செங்கல்கூடக் கிடையாது. இரண்டு தடவை விளிம்பு வரை போய்த் தப்பியிருந்தார். மூன்றாம் தடவைக்குக் காத்திராமல் அரண்மனை வாசலில் வந்து நின்று, நான் குருடன், கிணற்றுக்குச் சுவர் எழுப்பிக் கொடுங்கள் என்று மனுச் சொன்னார். காவலர்கள் சுவரைக் கேட்கவில்லை. 'குருடன்' என்ற சொல்லைத்தான் கேட்டார்கள். அகவொளிப் பெருந்தகையர் அனைவரையும் அவமதித்தார் என்று அங்கேயே பிடித்துக் கட்டினார்கள்.

அந்தச் சட்டத்தில் அவைக்கு வந்த முதல் வழக்கு அது. கண் தெரியாதவர் மலைச்சரிவில் ஒரு மாதம் கல் சுமந்தால் திரும்பி வருவாரா என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. எந்தச் சொல் பட்டியலில் இருக்கிறதோ, யார் கண்டார்?

"என்னைத்தான நானே சொல்லிக்கிட்டேன், மகாராசா. வேற யாரையும் சொல்லலையே" என்றார் சடையாண்டி.

அமைச்சர் கனிவாகச் சிரித்தார். "எக்காரணம் என்றால் எக்காரணமும்தான், பெருந்தகையே. உமக்கு விலக்கு என்றால் நாளை எனக்கும் விலக்கு என்று யாராவது வருவார்கள். சட்டத்தில் சந்து வைக்கக் கூடாது."

வெண்காடன் எழுந்தான். அமைச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றான். அமைச்சருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் செங்கழனியில் பழைய முறை ஒன்று உண்டே என்றான். வசைச்சொல் வழக்கு என்றால், குற்றம் சாட்டுபவர் அந்தச் சொல்லை அவையறியத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கே கிடையாது.

மன்னனும் ஆமாம் என்றான். அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குருடன்" என்றார்.

வெண்காடன் மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைத்தான்.

"பட்டியலிலேயே இதுதான் கொடிய சொல்லோ? என் மரமண்டைக்குத் தெரியவில்லை" என்று இழுத்தான். "மற்றதெல்லாம் இவ்வளவு ஆழமாக யோசித்து எடுத்ததாக இருக்காது."

இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த பட்டியல். அமைச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓலையைக்கூடப் பார்க்காமல் முதலிலிருந்து கடைசி வரை மூச்சு விடாமல் ஒப்பித்தார். கூன், குட்டை, செவிடு, ஊமை, மொட்டை, பஞ்சம், பட்டினி என்று எண்பத்து நான்கும் அவையில் விழுந்தன. அவர் நெற்றியைத் துடைத்தபோது வெண்காடன் முன்னால் புளியங்கொட்டைகள் ஒரு சிறு மேடாகக் கிடந்தன.

"எண்பத்து நான்கு மாதம். சரியாக ஏழு வருடம், அரசே" என்றான் வெண்காடன். "முதலில் தனியாகச் சொன்னதற்கு ஒரு மாதம் கொசுறு."

"நான் சட்டத்தை விளக்கத்தானே சொன்னேன்" என்று அமைச்சர் பதறினார்.

"அது ஒரு காரணம்" என்றான் வெண்காடன்.

மன்னன்தான் முதலில் சிரித்தான். அரியணையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சட்டத்தில் பிழை இருப்பது தெரிந்துவிட்டது என்றான். சடையாண்டியின் கட்டை அவிழ்க்கச் சொன்னான். இனி உம்மை எப்படித்தான் அழைப்பது என்று அவரையே கேட்டான்.

"எங்கம்மா சடையாண்டின்னு பேரு வச்சிருக்கு, மகாராசா" என்றார் அவர். "இத்தனை நாளா யாரும் கேக்கலை."

மன்னன் தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி வெண்காடனிடம் நீட்டினான். "சட்டத்தை இப்போதே கிழித்துப் போட்டுவிடுகிறேன். திருப்திதானே?"

வெண்காடன் மோதிரத்தைத் தொடவில்லை.

"அவசரப்படாதீர்கள், அரசே. அமைச்சர் கல் சுமந்து கிணற்றுக்குச் சுவர் எழும்பட்டும். அதுவரை சட்டம் இருக்கட்டும்."