சமையற்கட்டுக் கதவும் சடகோபனின் அசெம்பிளியும்

மகுடேச ராஜா காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று கேட்காதீர்கள். ராஜா ஆசைப்பட்டார், வந்துவிட்டது. அரண்மனைக் கதவுகளையெல்லாம் அதுதான் திறந்து மூடியது. அதற்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கர்னல் என்ற புரோகிராமை எழுதியவன் அரசவை விதூஷகன் சடகோபன்.

எழுதிவிட்டுச் சும்மா இருந்தானா? நிறைந்த சபையில் மார்தட்டினான். "சி மொழியில் எழுதுவது சோம்பேறிகளின் வேலை. நான் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரோடு நேராகப் பேசுவேன், அதன் சொந்த பாஷையான அசெம்பிளியில்! நானாக ஒருநாள் சி-யைத் தேர்ந்தெடுத்தால், மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுங்கள்." அந்த வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருக்கலாம். மூடவில்லை.

ராஜா புது மெஷின் வாங்கினார். அதன் பிராசசர் வேறு ரகம். பழைய அசெம்பிளியில் ஒரு சொல்கூட அதற்குப் புரியவில்லை. சமையற்கட்டுக் கதவு இறுகப் பூட்டிக்கொண்டது. உள்ளே நெய்ப்பொங்கல் கமகமத்தது. வெளியே ராஜா பசியோடு நின்றார்.

மந்திரி அனந்தராயருக்குச் சடகோபனைக் கண்டாலே ஆகாது.

"மன்னா, கர்னலை மறுபடி எழுத வேண்டும். சி-யா, அசெம்பிளியா? சபையில் அவரே தேர்ந்தெடுக்கட்டும்" என்றார் இனிக்க இனிக்க.

சடகோபன் மனதுக்குள் கணக்குப் போட்டான். சி-யில் எழுதினால் கம்பைலரே புது பிராசசருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் மொட்டையும் கழுதையும் காத்திருக்கும். அசெம்பிளி என்றால், அந்த பிராசசரின் பாஷையைப் படித்து முடிப்பதற்குள் ராஜா துரும்பாகிவிடுவார்; அப்புறம் மொட்டையடிக்கத் தலையே இருக்காது.

"மன்னா, முதலில் என் பழைய அசெம்பிளி வரிகளைப் படித்துக் காட்டலாமா?"

"படி. சீக்கிரம் படி."

"இது இரண்டு எண்களைக் கூட்டுகிறது. இந்தப் பக்கம் முழுக்க."

"ஒரு கூட்டலுக்கா?"

"வேகத்துக்காக மன்னா. ஆனால் கம்பைலர் இதைவிட வேகமாகக் கூட்டிவிட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை."

"இந்த வரி?"

"வேலைக்கு நடுவே பிராசசரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யும் இன்டரப்டை நிறுத்துவது. இதைச் சி-யில் சொல்ல வழியில்லை. இதற்கு மட்டும் அசெம்பிளி வேண்டும். மற்றதெல்லாம் என் திமிருக்கு எழுதியது."

"அடுத்த வரி எதற்கு?"

"எனக்கே தெரியாது மன்னா. எடுத்தால் கதவு நடுங்குகிறது. அதனால் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டு விட்டுவிட்டேன்."

ராஜா முகத்தைச் சுளித்தார். "சீ!"

சடகோபன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "உத்தரவு மன்னா! அடியேன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தாங்களே திருவாய் மலர்ந்துவிட்டீர்கள். சி-யிலேயே எழுதுகிறேன்!"

சபை திகைத்தது. ராஜா பசியையும் மறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

அனந்தராயருக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார். "சீச்சீ! இதெல்லாம் ஒரு..."

"பார்த்தீர்களா மன்னா?" என்றான் சடகோபன். "மந்திரி இரண்டு தடவை வழிமொழிகிறார்!"