ஆறு முறை திறந்த லேப்டாப்

டெய்சியின் லேப்டாப்பில் திரை அணைந்தது. ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். நாச்சிமுத்து கேமைத் திறந்து உட்கார்ந்த தடவையெல்லாம் அணைந்தது.

நடந்த இடம் கோவை, காந்திபுரத்தில் ஒரு மாடி. லேப்டாப் பழுது பார்க்கும் கடை. கடை ரெஜினாவுடையது. அவர்தான் குரு. வயது முப்பத்தாறு. நாச்சிமுத்து சீடர். வயது அறுபத்தொன்று. பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து வேலை கற்றுக்கொள்கிறார். எட்டு மாதமாகிறது. எட்டு மாதமும் குரு திட்டினார், சீடர் முறைத்தார். மற்றபடி ஒற்றுமைதான்.

டெய்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்தால் கேம். ஐந்து பேர் சேர்ந்த அணி. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு போட்டியின் தகுதிச் சுற்று. நடுவில் ஒருத்தியின் மெஷின் நின்றால் ஐந்து பேருக்கும் கதை முடிந்தது.

திங்கட்கிழமை காலை கொண்டுவந்து வைத்தாள்.

“கீபோர்டுல தோசை சுடலாம் அங்கிள். கேம் திறக்கறதுக்குள்ள ஒரு வார்டு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்.”

அவள் போனதும் நாச்சிமுத்து குருவிடம் வந்து நின்றார்.

“இதை நான் ஒண்டியாப் பண்றேனுங்க அம்மணி. நீங்க தொடக் கூடாது.”

“சரி.”

“முடியலைன்னா இந்தப் படியை ஏற மாட்டேன்.”

“அதை நான் கேட்டேனா?”

“நானாச் சொல்றேன்.”

“சொல்லிட்டீங்கல்ல. போய் வேலையைப் பாருங்க.”

அன்றைக்கு அவர் செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. அடிமூடியைத் திறந்தார். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி மெத்தைபோல் படிந்து கிடந்தது. முழுசாக உரித்தெடுத்தார். சிப்பின்மேல் காய்ந்து காறையாகிப் போயிருந்த, சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது பூசினார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்எஸ்டி போட்டார். சூட்டை இழுக்க அதன்மேல் ஒட்டுகிற பேடில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். போன மாதம் ஒரு மெஷினில் அதை உரிக்க மறந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை உரித்தார். ரேமை இரண்டு மடங்காக்கினார். மூடினார்.

சோதனை புரோகிராமை ஓடவிட்டுவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போனார். மெஷின் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. தொண்ணூற்றேழு டிகிரியில் கொதித்தது இப்போது எழுபத்தெட்டைத் தாண்டவில்லை. இரண்டு நிமிடம் இழுத்த கேம் ஒன்பது நொடியில் திறந்தது.

விளையாடிப் பார்க்க உட்கார்ந்தார். இடது கை கீபோர்டில். வலது கை மவுஸில். ஐந்தாவது நிமிடம் திரை கறுத்தது.

“கெரகம்!”

மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். திரை வந்தது. மறுபடி விளையாடினார். மறுபடி கறுத்தது. ஆட்டினார். வந்தது.

“ஆட்டினா வருது. அப்ப டிஸ்ப்ளே கேபிள்தான்.”

ரெஜினா பக்கத்து மேசையில் வேறொரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டிருந்தார். நிமிரவில்லை.

“காலையில வந்தப்ப அணைஞ்சுதா?”

“இல்லீங்க. சூடு மட்டும்தான்.”

“அப்புறம் என்ன மாறிச்சு?”

“பேஸ்ட்டு, டிஸ்க்கு, ரேமு.”

“இன்னும்?”

“அவ்வளவுதானுங்க.”

“கேபிளைத் தொட்டீங்களா?”

“இல்லீங்க.”

“தொடாத கேபிள் எதுக்குப் போகுது?”

“போகும் அம்மணி. டிப்போவுல எத்தனை பாத்திருக்கறேன்.”

டிப்போ என்ற பேச்சு வந்தால் ரெஜினா வாயை மூடிக்கொள்வார். மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நாச்சிமுத்து மெஷினைத் திறந்து கேபிளை மாற்றினார். சோதனை புரோகிராம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. உட்கார்ந்தார். அணைந்தது.

புதன்கிழமை மூன்றாவது முறை திறந்தார். புது ரேமை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டார். உட்கார்ந்தார். அணைந்தது. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டப்பாவில் இருந்த ஸ்க்ரூக்கள் குதித்தன.

ரெஜினா எழுந்து வந்தார்.

“நகருங்க.”

“தொடக் கூடாதுன்னு பேச்சு.”

“ஸ்க்ரூ டிரைவரைத்தான் தொட மாட்டேன். விளையாடலாம்ல?”

அரை மணி நேரம் விளையாடினார். சுட்டார், ஓடினார், மறுபடி சுட்டார். திரை சிமிட்டக்கூட இல்லை.

“அது உங்க கைராசிங்க,” என்றார் நாச்சிமுத்து.

“ராசியெல்லாம் ஜோசியர்கிட்டப் பேசுங்க. நான் உக்காந்தா அணையலை. நீங்க உக்காந்தா அணையுது. இப்ப எதைத் திறந்து பாக்கணும்?”

நாச்சிமுத்து யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நன்றாகவே யோசித்தார்.

“திரைப் பேனலைங்க,” என்றார்.

ரெஜினா தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை நான்காவது முறை. கடையில் கிடந்த வேறொரு லேப்டாப்பின் பேனலைக் கழற்றி இதில் மாட்டினார். மாட்டிக்கொண்டிருக்கும்போது டெய்சி போன் செய்தாள்.

“ஆச்சா அங்கிள்?”

“ஆயிட்டே இருக்குது கண்ணு.”

“நேத்தும் இதேதான் சொன்னீங்க.”

“நேத்தும் ஆயிட்டேதான் இருந்துச்சு.”

“அங்கிள், எங்க டீம்ல நான்தான் முன்னாடி போறவ. நான் விழுந்தா எல்லாரும் விழுவாங்க. தெரியுமில்ல?”

“தெரியுது, தெரியுது. வை.”

உட்கார்ந்தார். அணைந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது முறை திறந்தார். எதற்கு என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் இருந்திருக்காது. பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி பூசி மூடினார். கடை மானிட்டரில் இணைத்துப் பார்த்தார். அவர் ஆடத் தொடங்கியதும் லேப்டாப் திரையோடு அந்த மானிட்டரும் சேர்ந்து அணைந்தது.

எழுந்தார். தன் ஸ்க்ரூ டிரைவர்களைத் துணியில் சுருட்டிக் கட்டினார். கொண்டுபோய் ரெஜினாவின் மேசையில் வைத்தார்.

“மதர்போர்டு போயிருச்சுங்க அம்மணி. நல்லா இருந்ததை நான்தான் கெடுத்துப்போட்டேன். அந்தப் புள்ளைகிட்ட நானே சொல்லிடறேன். நாளையிலிருந்து வரலீங்க.”

“டிப்போவுலயும் இப்படித்தானா? பஸ் ஸ்டார்ட் ஆகலைன்னா வீட்டுக்குப் போயிடுவீங்களா?”

“என்னைத் திட்டாதீங்க. போறவனைத் திட்டி என்ன ஆகப் போகுது?”

“உக்காருங்க.”

“எதுக்குங்க?”

“அணைச்சுக் காட்டுங்க.”

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. “நானா அணைக்கறேன்? அதுவா அணையுது!”

அந்த நேரத்தில் டெய்சி படியேறி வந்தாள். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். நிலவரத்தைக் கேட்டாள். பையைத் தரையில் போட்டாள்.

“மதர்போர்டா? கொதிக்குதுன்னுதானே கொடுத்தேன்! கொதிச்சாலும் ஓடிச்சே அங்கிள்!”

நாச்சிமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“டெய்சி, நீ உக்காந்து விளையாடு,” என்றார் ரெஜினா.

“ஓடாததுல என்னத்தக்கா விளையாட?”

“உக்காரு.”

உட்கார்ந்தாள். முதலில் முனகினாள். பிறகு முனகலை நிறுத்தினாள். பிறகு, “அக்கா, பறக்குது!” என்றாள். இருபது நிமிடம் ஆடினாள். ஒன்றும் ஆகவில்லை.

“இதைப் போயா செத்துப்போச்சுன்னு சொன்னீங்க அங்கிள்?”

“எந்திரி. ஐயா, நீங்க உக்காருங்க,” என்றார் ரெஜினா.

நாச்சிமுத்து கிணற்றை எட்டிப் பார்ப்பவர்போல உட்கார்ந்தார். கையை வைத்தார். ஆடினார்.

“அங்கிள், சுவத்தைச் சுடறீங்க. எதிரி அந்தப் பக்கம்.”

“சும்மா இரு.”

இந்தத் தடவை ரெஜினா திரையைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை கறுத்தது. நாச்சிமுத்து மூடியை ஆட்டக் கையை எடுக்கப் போனார்.

“எடுக்காதீங்க. அப்படியே இருங்க.”

இருந்தார். திரை கறுப்பாகவே கிடந்தது.

“இடது கையை மட்டும் தூக்குங்க. மூடியைத் தொடாதீங்க.”

தூக்கினார். திரை வந்தது.

“வைங்க.”

வைத்தார். போனது.

“தூக்குங்க.”

வந்தது.

டெய்சி வாயில் கை வைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து தன் கையை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் பொத்தான் போட்டிருந்தது.

“பொத்தானைக் கழட்டி மடிச்சு விடுங்க,” என்றார் ரெஜினா.

மடித்தார். உள்ளே பட்டையாக ஒரு வளையம். செம்பு நிறம். கண்ணி கண்ணியாகக் கறுப்புப் புள்ளிகள்.

“இது எப்ப போட்டது?”

“ஞாயித்துக்கிழமைங்க. எக்ஸிபிஷன்ல வாங்கினேன். பிரஷருக்கு நல்லதுன்னு சொன்னான்.”

ரெஜினா ஸ்க்ரூ டப்பாவை அவருடைய மணிக்கட்டுக்குக் கீழே நகர்த்தினார். மூன்று ஸ்க்ரூக்கள் எகிறிப்போய் வளையத்தில் ஒட்டிக்கொண்டன. நாலாவது ஒன்று டப்பாவிலேயே எழுந்து நின்று ஆடியது.

நாச்சிமுத்து வளையத்தையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூடிக்குள்ள ஒரு காந்தம் இருக்கும்,” என்றார் நாச்சிமுத்து மெதுவாக. “மூடினா அடியில இருக்கற சென்சாருக்கு அது தெரியும். உடனே திரையை அணைச்சுடும். ரெண்டாவது மாசமே சொல்லிக் கொடுத்தீங்க.”

“சொல்லிக் கொடுத்தேன்.”

“இந்த வளையத்துலயும் காந்தம். என் கை பக்கத்துல போனா, மூடிட்டாங்கன்னு நெனச்சுக்குது.”

“ஆமா.”

“மூடியை ஆட்ட நான் கையை எடுத்தேன். அதனால வந்துச்சு.”

“ஆமா.”

“அஞ்சு நாளா!” என்று கத்தினார். “திங்கட்கிழமையே கேட்டீங்களே, என்ன மாறிச்சுன்னு. சட்டையைக் கேட்டீங்களா? கையைக் கேட்டீங்களா?”

“‘இன்னும்?’னு கேட்டேன்.”

நாச்சிமுத்து வளையத்தில் ஒட்டிய முதல் ஸ்க்ரூவைப் பிடுங்கி டப்பாவில் போட்டார்.

டெய்சிக்குச் சந்தேகம் வந்தது. நர்ஸ் அல்லவா.

“அங்கிள், பிரஷர் மாத்திரை போடறீங்கதானே?”

அவர் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக வளையத்திலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“அங்கிள்!”

“இதுதான் இருக்குதேன்னு நிறுத்திட்டேன் கண்ணு.”

டெய்சி அடுத்த பத்து நிமிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. பக்கவாதத்தில் தொடங்கி, எக்ஸிபிஷன் கடைக்காரனின் பரம்பரை வரை போனாள். கடைசியில் கையை நீட்டினாள். நாச்சிமுத்து வளையத்தைக் கழற்றிக் கொடுத்தார். பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“வீட்டுக்குப் போனதும் மாத்திரை போட்டுட்டு எனக்கு போன் பண்றீங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க, பிரஷர் பாக்கணும்.”

“சரி கண்ணு.”

“பேசி முடிச்சாச்சா?” என்றார் ரெஜினா. துணிச்சுருளை நாச்சிமுத்துவிடம் தள்ளினார். “பேனல், கேபிள், ரேம். எது எது இதுல இருந்துச்சோ அது அது திரும்பப் போகணும்.”

“நானுங்களா?”

“பின்ன நானா? தொடக் கூடாதுன்னு பேச்சு.”

ஆறாவது முறை திறந்தார். இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை. டிப்போவைப் பற்றியும் பேசவில்லை. போட்டதையெல்லாம் கழற்றினார். மெஷினோடு வந்த பேனலும் கேபிளும் திரும்பப் போயின. திங்கட்கிழமை போட்ட ரேம் மறுபடி உள்ளே போனது. ஒரு மணி நேரம் ஆனது. மூடினார். உட்கார்ந்தார். வெறும் கையோடு முக்கால் மணி நேரம் ஆடினார். பதினேழு தடவை செத்தார். திரை ஒரு தடவைகூட அணையவில்லை.

“எங்க டீமுக்கு மட்டும் வந்துடாதீங்க அங்கிள்,” என்றாள் டெய்சி.

லேப்டாப்பைப் பையில் வைத்து மாட்டிக்கொண்டாள். படிவரை போனவள் திரும்பினாள்.

“எங்க டீம்ல மத்த நாலு பேரோட மெஷினும் கொதிக்குது. யாரு சரி பண்ணினதுன்னு கேப்பாங்க. யார் பேரைச் சொல்லட்டும்?”

“அம்மணி பேரைச் சொல்லு,” என்றார் நாச்சிமுத்து. “கண்டுபிடிச்சது அவங்கதான்.”

“நான் ஒரு ஸ்க்ரூகூடத் திருகலை,” என்றார் ரெஜினா.

“அப்ப கெடுத்தது யாரு, சரி பண்ணினது யாரு? எனக்குத் தலை சுத்துது.”

“கெடவேயில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே சரியாயிடுச்சு.”

“அதான்க்கா, யாரு?”

ரெஜினா அடுத்த லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“நாச்சிமுத்து.”