ஞானக்குளத்தார் பன்னிரண்டு புத்தகம் தேர்ந்தெடுத்த கதை

ஞானக்குளத்தில் நாலு முட்டாள்கள் இருந்தார்கள் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். நாலுதானா, மற்றவர்களெல்லாம் கணக்கில் இல்லையா என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் நாலு பேர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலாவது அருமைநாயகம். வேதக்கோயில் வாசிப்புச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகச் செயலாளர். புத்தக அலமாரியின் சாவி அவர் அரைஞாணில் தொங்கும். நடந்தால் கிணுங்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊரில் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். சாவி இல்லாவிட்டால் தனக்கு யார் வணக்கம் சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்து, ஒருநாள் அவருக்குக் காய்ச்சலே வந்திருக்கிறது.

இரண்டாவது மாசிலாமணி. வேதத்தில் எதைக் கேட்டாலும் பாதி தெரியும். மூன்றாவது தையற்காரர் சுவிசேஷமுத்து. பரலோகம் போவது ஒன்றுதான் அவருக்குக் கவலை. நாலாவது ஞானாபரணம். அவருக்குக் கவலை என்று ஒன்றும் கிடையாது.

இந்த நாலு பேரும்தான் வாசிப்புச் சங்கம். இருபத்திரண்டு வருஷத்தில் வாரம் தவறாமல் கூடி, ஆரம்ப ஜெபம், வரவேற்பு, தேநீர், முடிவு ஜெபம் எல்லாம் குறைவில்லாமல் நடத்தியிருந்தார்கள். வாசிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

கோயிலுக்குப் போதகராகப் புதிதாக வந்த ஐயர் இதைக் கேள்விப்பட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தம் பொறுப்பில் இருந்த சேகரத்துக் கிராமங்களைச் சுற்றிவரக் கிளம்பியவர், போகிற போக்கில் நாலு பேரையும் கூப்பிட்டார்.

"வர்ற வருஷத்துக்கு மாசத்துக்கு ஒண்ணா பன்னிரண்டு இறையியல் புத்தகம் தேர்ந்தெடுங்க. அலமாரியில உள்ளதே பதிமூணு. அதுல ஒண்ணு பழைய ரயில் கால அட்டவணை. பத்து நாள் போதும்லா?"

"கஷ்டந்தான், பாக்கோம்யா" என்றார் அருமைநாயகம்.

"படிச்சுப் பாக்காம எதையும் தேர்ந்தெடுக்காதீங்க. எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே புத்தகத்தைப் படிங்க. முப்பத்தொண்ணாந்தேதி சாயங்காலம் வருவேன். பட்டியல் தயாரா இல்லன்னா அலமாரிச் சாவியைப் பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்துருவேன்."

பெண்கள் சங்கத் தலைவி எமிலி. அருமைநாயகத்தின் சம்சாரம். அவர் கை தானாக அரைஞாணுக்குப் போயிற்று.

மறுநாளே சங்கம் கூடியது. ஆரம்ப ஜெபம் முடிந்ததும் மாசிலாமணி ஒரு சிக்கலைக் கிளப்பினார்.

"படிக்காத புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னுட்டாரு. சரி. படிச்சுட்டோம்னு வையும். படிச்ச புத்தகத்தை வர்ற வருஷம் எதுக்குவே மறுபடி படிக்கணும்?"

படிக்காவிட்டால் தேர்ந்தெடுக்க முடியாது. படித்துவிட்டால் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. இரண்டு நாள் இதிலேயே போயிற்று. மூன்றாம் நாள் ஞானாபரணம் தேநீர் ஆற்றிக்கொண்டே வழி சொன்னார்.

"இந்த வருஷம் இடப்பக்கம் மட்டும் படிப்போம். வலப்பக்கத்தை வர்ற வருஷத்துக்கு வச்சுக்கிடுவோம்."

இப்படிப்பட்ட மூளை தங்கள் சங்கத்தில் இருக்கிறதே என்று அருமைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தோள் துண்டை எடுத்து முதல் புத்தகத்தின் வலப்பக்கத்தை மூடினார்.

ஒரே புத்தகத்தை நாலு பேரும் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்பது ஐயர் கட்டளை. ஆகவே மேசையின் நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். பக்கவாட்டில் இருந்த இரண்டு பேரும் கழுத்தைச் சாய்த்துச் சமாளித்தார்கள். எதிர்ப்பக்கம் இருந்த ஞானாபரணத்துக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது.

"இங்க வந்து உக்காருமேவே" என்றார் சுவிசேஷமுத்து.

"அந்தப் பக்கம் உள்ளவருக்கு அப்ப யாரு படிக்கது?" என்று கேட்டார் மாசிலாமணி.

நியாயமான கேள்வி. கடைசியில் ஞானாபரணம் எழுந்து, மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இரண்டு காலுக்கும் நடுவே பார்த்தார். எழுத்து நேராகத் தெரிந்தது. அன்றைக்குப் படித்தது மனத்தாழ்மையைப் பற்றிய அதிகாரம். அதை அவ்வளவு ஆழமாக அனுபவித்தவர் திருச்சபை வரலாற்றிலேயே இருக்கமாட்டார்.

அந்த நேரம் பார்த்து எமிலி தேநீர்ப் பாத்திரத்தை எடுக்க உள்ளே வந்தாள். ஞானாபரணம் காலிடுக்கு வழியாகவே, "வாங்க மதினி" என்றார்.

எமிலி புருஷனைப் பார்த்தாள். "என்ன செய்யுதீய?"

"இறையியல் படிக்கோம்."

"நல்லாப் படிங்க. முப்பத்தொண்ணாந்தேதி சாவியைத் துடைச்சுக் குடுங்க. எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு."

அருமைநாயகம் அன்றிலிருந்து குளிக்கும்போதும் சாவியைக் கையால் பொத்திக்கொண்டே குளித்தார்.

எப்படியோ இடப்பக்க வாசிப்பு நடந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், பரலோகத்தைப் பற்றிய நீல அட்டைப் புத்தகத்துக்கு வந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, "பரலோகம் போகிறவனுக்கு மூன்று காரியங்கள் அவசியம். அவையாவன" என்று நின்றது. மிச்சம் துண்டுக்கு அடியில்.

சுவிசேஷமுத்து துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணை மட்டும் பாத்துக்கிடுதேன்."

"ஜனவரியில பாக்கலாம்" என்றார் அருமைநாயகம்.

"அதுக்குள்ள செத்துப்போனேன்னா?"

"சங்கத்து விதிக்கு நான் என்ன செய்ய முடியும்? அஞ்சு நாளு சாகாம இரும்."

சுவிசேஷமுத்து அன்றைக்கு ரோட்டைக் கடக்கவே இல்லை. அவர் வீடு எதிர்ப்பக்கம் இருந்ததால் மச்சான் வீட்டில் தங்கிவிட்டார்.

மறுநாள் பன்னிரண்டு புத்தகத்துக்கும் இடப்பக்கம் முடிந்தது. மிச்சம் இருந்தது ரயில் அட்டவணை ஒன்றுதான். பட்டியலை எழுதி முடித்ததும் அருமைநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சாவி தப்பித்தது. முடிவு ஜெபத்துக்கு எழுந்தார்கள். மாசிலாமணி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"மொத்தம் எத்தனை?"

"பன்னிரண்டு."

"சீஷர்கள் எத்தனை பேரு?"

"பன்னிரண்டு."

"அதுல ஒருத்தன் காட்டிக்கொடுத்த யூதாசு" என்றார் மாசிலாமணி. "இதுல எது?"

நாலு பேரும் மேசையைப் பார்த்தார்கள். பன்னிரண்டு புத்தகமும் ஒன்றும் தெரியாதவை மாதிரி உட்கார்ந்திருந்தன.

"அன்னைக்கு ஒருத்தன் காட்டிக்கொடுப்பான்னு ஆண்டவர் சொன்னதும் அவங்களாவது நானோ, நானோன்னு கேட்டாங்க. இதுல ஒண்ணாவது வாயைத் திறக்கா பாரும்" என்றார் மாசிலாமணி. "நல்ல அழுத்தம்."

யூதாசோடு ஒரு பட்டியலை ஐயர் கையில் எப்படிக் கொடுப்பது? எல்லாரும் குழம்பி நிற்கும்போது, சுவிசேஷமுத்து மனசு தாங்காமல் நீலப் புத்தகத்தைத் திறந்து வலப்பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, நூத்திப் பன்னிரண்டுக்கு அடுத்து நூத்தி நாப்பத்தி மூணு இருக்கு."

ஞானாபரணம் விரல்விட்டு எண்ணினார். விரல் தீர்ந்ததும் மாசிலாமணியின் விரலை எண்ணினார். அப்புறம் சுவிசேஷமுத்துவின் விரல். "முப்பது பக்கத்தைக் காணோம்."

"முப்பது" என்றார் மாசிலாமணி மெதுவாக. "யூதாசு வாங்கினதும் முப்பது வெள்ளிக்காசு. இவன்தான்."

இங்கே அருமைநாயகத்தின் காது சூடாயிற்று. போன வருஷம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கும்போது இலை பற்றாமல் போய், ஏதோ ஒரு நீலப் புத்தகத்திலிருந்து தாள் கிழித்துப் பொட்டலம் மடித்தது ஞாபகம் வந்தது. பரலோகத்துக்கு வேண்டிய மூன்று காரியமும் சுண்டலோடு போயிருந்தன. சொன்னால் சாவி போய்விடும்.

"உமக்கு ஏதாவது தெரியுமா?" என்று மாசிலாமணி கேட்டார்.

"எனக்குத் தெரியாது."

"அலமாரிச் சாவி உம்மகிட்டத்தானவே இருக்கு?" என்றார் ஞானாபரணம்.

"சாவி இருக்கும். பக்கம் எனக்கு எப்படித் தெரியும்?"

"நெசமாத் தெரியாதா அண்ணாச்சி?" என்றார் சுவிசேஷமுத்து, அழமாட்டாக் குறையாக.

"நான் அந்தப் புத்தகத்தை அறியவே மாட்டேன்வே."

கோயிலுக்குப் பின்னால் கட்டியிருந்த காணிக்கைச் சேவல் கூவியது. அப்போது மத்தியானம் இரண்டு மணி. சீஷன் ஒருவன் மூன்று தரம் மறுதலித்ததும் கூவிய சேவல் அருமைநாயகத்துக்கு ஞாபகம் வந்தது. மற்ற யாரும் அதைக் கவனிக்கவில்லை.

யூதாசு நான்றுகொண்டு தொங்கினான். ஆகவே புத்தகத்தையும் தொங்கவிடவேண்டும் என்று முடிவாயிற்று. சுவிசேஷமுத்து நூல் கொடுத்தார். கோயில் வளாகத்துப் பூவரச மரத்தில், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு நடுவே நீலப் புத்தகத்தைத் தொங்கவிட்டுவிட்டுத் தலை கவிழ்ந்து நின்றார்கள்.

வழியில் போனவர்கள் பார்த்தார்கள். சங்கத்துச் செயலாளரே தொங்கவிடுகிறார் என்றால் ஐயர் கொண்டுவந்த புது வழக்கமாகத்தான் இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் உள்ள பாடப்புத்தகம், சமையல் புத்தகம், பஞ்சாயத்து ரசீதுப் புத்தகம் எல்லாம் மரத்தில் ஏறிவிட்டன. ஒரு குடும்பத்தில் புத்தகமே இல்லாததால் நாள்காட்டியைக் கட்டினார்கள்.

இப்போது பட்டியலில் பதினொன்றுதான். வேதத்தில் உள்ளபடி யூதாசின் இடத்துக்கு இன்னொன்றைச் சீட்டுப்போட்டு எடுக்கவேண்டும்.

"மரத்துல நிறையக் கிடக்கே, ஒண்ணை எடுப்போம்" என்றார் ஞானாபரணம்.

"தொங்கினதெல்லாம் யூதாசு" என்றார் மாசிலாமணி. ஊர் முழுவதும் ஒரே நாளில் இத்தனை துரோகம் வெளிப்பட்டதில் அவருக்கே வருத்தம்.

அப்படிப் பார்த்தால் ஞானக்குளத்தில் பட்டியலில் சேராத, தொங்காத புத்தகம் ஒன்றே ஒன்று பாக்கி. ரயில் கால அட்டவணை. அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கினார்கள். கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள். அருமைநாயகம் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"ரயில் அட்டவணை."

"கர்த்தருடைய செயல்" என்றார் மாசிலாமணி. அதற்கு ஒரு சந்தேகமும் இருக்கமுடியாது. விதிப்படி அதன் இடப்பக்கத்தையும் அன்றைக்கே படித்து முடித்தார்கள்.

முப்பத்தொண்ணாந்தேதி சாயங்காலம் ஐயர் வந்தார். பூவரச மரத்தைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். ஏன் எப்படி என்று கேட்டார். மாசிலாமணி ஆதியோடந்தமாகச் சொன்னார். ஐயர் திண்டாடிப்போய் வாசல்படியில் உட்கார்ந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஞானாபரணம் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்குள் அருமைநாயகத்தால் பொறுக்கமுடியவில்லை. "ஐயா, அந்த முப்பது பக்கம் நான்தான் கிழிச்சேன். சுண்டலுக்கு. சாவியை எடுத்துக்கிடுங்க" என்று அரைஞாணை அவிழ்க்கப்போனார். அவிழ்த்தால் வேட்டியும் கூட வரும் நிலைமை.

ஐயர் அவசரமாகத் தடுத்தார். சாவி வாங்கப் பெண்களோடு வந்து நின்ற எமிலியைப் பார்த்தார்.

"சாவி அவருகிட்டயே இருக்கட்டும்யா" என்றாள் எமிலி. "அலமாரியை மட்டும் நாங்க எடுத்துக்கிடுதோம். அதுக்குப் பின்பலகையைக் கரையான் தின்னு ஆறு வருஷமாச்சு. நாங்க பின்னால கை விட்டு எடுத்துத்தான் இதையெல்லாம் படிச்சு முடிச்சோம்."

பெண்கள் அலமாரியையும் பதினொரு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சீட்டில் விழுந்த புத்தகமாயிற்றே என்று ரயில் அட்டவணையை மட்டும் ஆண்களிடமே விட்டுவைத்தார்கள். சாவி இடுப்பிலேயே இருந்தது. அருமைநாயகத்துக்கு அவ்வளவு சந்தோஷம் கலியாணத்தன்று கூட இருந்ததில்லை. தெருவில் இரண்டு தடவை மேலும் கீழும் நடந்து கிணுங்கவிட்டார்.

புதுவருஷ ஆராதனையில் ஐயர் பிரசங்கம் செய்தார். வாசிப்பதோடு நிற்கக்கூடாது, வாசித்தபடி நடக்கவேண்டும் என்றார்.

அன்று மத்தியானமே நாலு பேரும் ஜனவரி மாதப் புத்தகத்தைத் திறந்தார்கள். ஞானாபரணம் தம் இடத்தில் குனிந்துகொண்டார். இதுதான் புதுவருஷம், ஆகவே வலப்பக்கம். முதல் வரியிலேயே, காலை ஆறு பத்துக்கு ஒரு வண்டி வரும் என்று எழுதியிருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு எமிலி தண்ணீர் எடுக்கப் போனபோது, நாலு பேரும் பெட்டி படுக்கையோடு குளத்தங்கரையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஞானக்குளத்துக்கு ரயில் கிடையாது. ஸ்டேஷன் பதினொரு மைல் தள்ளி இருந்தது.

"இங்க எதுக்கு நிக்குதீய?"

"வாசிச்சபடி நடக்கோம்" என்றார் அருமைநாயகம்.

"அண்ணாச்சி" என்றார் சுவிசேஷமுத்து, "இது பரலோகத்துக்கு நேராப் போகுமா, மாறி ஏறணுமா?"

"அது இடப்பக்கத்துல இருந்திருக்கும். மறந்துபோச்சு."

எமிலி குடத்தை இடுப்புக்கு மாற்றினாள். "அலமாரிதான் போயிட்டுதே. கையில அந்தச் சாவி எதுக்கு?"

அருமைநாயகம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இத்தனை புத்தகம் படித்தும் இவளுக்கு இது தெரியவில்லையே.

"வண்டி பூட்டி வந்தா யாரு திறக்கது?"

அந்த மாதக் கூட்ட அறிக்கை இன்றைக்கும் கோயிலில் இருக்கிறது. அதில் செயலாளர் கையெழுத்தோடு ஒரே ஒரு வரி: "ஜனவரி மாதப் புத்தகம் சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது."