கம்பளத்தின் அடிப்பக்கம்

பாலைவனத்து நடுவில் ஒரு சுனை. சுனையைச் சுற்றிப் பேரீச்ச மரங்கள். அவற்றில் ஓர் உயரமான மரத்தில் தூக்கணாங்குருவி ஒன்று கூடு பின்னிக்கொண்டிருந்தது. பக்கத்து முள்மரத்தில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடு கட்டுவது ஆண். பாதி கட்டியதும் பெண் வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால் தங்கி முட்டையிடும். பிடிக்காவிட்டால் அவ்வளவுதான், பறந்து போய்விடும்!

பெண்குருவி வந்தது. கூட்டை அலகால் இழுத்து இழுத்துப் பார்த்தது.

“பின்னல் ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா இதுல நான் முட்டையிட மாட்டேன்!”

“ஏன்டி? என்ன குறை?”

“போன வருஷமும் இப்படித்தான் அழகா இருந்துச்சு. மணல்காத்து அடிச்சதும் மேலே கட்டின முடிச்சு நழுவிடுச்சு. நம்ம பிள்ளைங்க கண்ணு திறக்கிறதுக்கு முன்னாடியே மண்ணாப் போச்சு. இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லீங்க!”

பாவம், ஆண்குருவி என்ன செய்யும்? அப்பன் சொல்லிக்கொடுத்த ஒரே முடிச்சுதான் அதற்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் வணிகர்கள் பட்டும் கண்ணாடியும் வாசனைச் சாமானும் ஒட்டகங்களில் ஏற்றிக்கொண்டு அந்தச் சுனை வழியாகத்தான் ஊர் ஊராய்ப் போவார்கள். அன்று மதியமும் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. கிழ ஒட்டகம் ஒன்றின் முதுகிலிருந்த கம்பளத்தை எடுத்து மணலில் விரித்துவிட்டு வணிகர்கள் நிழலில் சாய்ந்தார்கள்.

அடடா, அதைக் கம்பளம் என்பதா, பூந்தோட்டம் என்பதா! மாதுளம்பூச் சிவப்பென்ன, மயில்கழுத்து நீலமென்ன! எங்கோ மலைநாட்டுப் பெண்கள் நெய்தது. தண்ணீர் குடிக்க வந்த நரிகூடத் தாகத்தை மறந்து வாயைப் பிளந்து நின்றது.

காக்கைக்கு ஆசை தாங்கவில்லை. விருட்டென்று இறங்கியது. கம்பளத்தின் ஓரத்தைக் கொத்திச் சிவப்பு நூலைக் கற்றையாய் உருவிக்கொண்டு பறந்துவிட்டது. ஓரம் பொலபொலவென்று பிரிய ஆரம்பித்தது.

கிழ ஒட்டகத்துக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த நேரம் பார்த்து ஆண்குருவி வந்து இறங்கியது.

“வந்துட்டியா! நீயும் அந்தத் திருட்டுப் பயலோட கூட்டாளிதானே? ஒரே மிதி மிதிச்சிடுவேன்!”

“ஐயோ, அண்ணே! நான் எதையும் எடுக்க வரலே. ஓரம் பிரியுது பாருங்க. இப்படியே விட்டா அடுத்த ஊர் போறதுக்குள்ள பாதிப் பூவும் உதிர்ந்துடும். நானும் நெய்யுறவன்தான். இவ்வளவு நல்ல வேலை கெட்டுப்போறதைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியலே!”

ஒட்டகம் தூக்கிய காலை இறக்கியது. “சரி, தைரியம் இருந்தா செய். கெடுத்தியோ, தொலைச்சிடுவேன்!”

குருவி பேரீச்ச ஓலையை மெல்லிய நாராய்க் கிழித்துவந்தது. ஓரத்தை மடக்கித் தன் குலத்துப் பின்னலைப் போட ஆரம்பித்தது. மடக்கியபோதுதான் கம்பளத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. குருவி அப்படியே நின்றுவிட்டது.

முள்மரத்திலிருந்து காக்கை சிரித்தது. “பூ இருக்கிற பக்கத்தை விட்டுட்டு அழுக்குப் பக்கத்தைப் பார்க்குது பார், மடக் குருவி!”

குருவி காதிலேயே வாங்கவில்லை.

“அண்ணே, இங்கே பாருங்க! ஒரு முடிச்சுகூட ஒத்தை இழையை நம்பி நிக்கலே. பக்கத்துப் பக்கத்து இழை ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக் கட்டியிருக்காங்க! எந்த மகராசி யோசிச்சாளோ!”

“அந்த முடிச்செல்லாம் எனக்கா தெரியாது? வருஷக்கணக்கா முதுகுல உறுத்துதே!” என்றது ஒட்டகம். “ஆனா அதுல இவ்வளவு சூட்சுமம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், தம்பி.”

வெயில் தாழ்ந்ததும் வணிகர் ஒருவர் கம்பளத்தைத் தூக்கினார். ஓலைநார்ப் பின்னலைத் தடவிப் பார்த்தார். “அட, இது எந்த ஊர் வேலை? இப்படி ஒரு ஓரம் நான் கண்டதே இல்லையே!” என்று அதிசயித்தார். அடுத்த ஊரில் நெசவாளர்கள் அந்தக் கம்பளத்தைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். அப்புறம் அந்த ஊரில் நெய்த கம்பளங்களுக்கெல்லாம் குருவிப் பின்னல்தான் ஓரம்!

இங்கே குருவி பழைய முடிச்சை அவிழ்த்தது. ஓலையின் ஈர்க்குகளில் இரண்டிரண்டாய்ச் சேர்த்துப் பிடித்துக் கூட்டைக் கட்டியது. பெண்குருவி தலைகீழாய்த் தொங்கிப் பார்த்தது, உதைத்துப் பார்த்தது. நேரே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

முட்டை பொரிந்து குஞ்சுகள் வந்தன. அவை கண் திறக்கும் முன்பே மணல்காற்றும் வந்தது. அப்பப்பா, என்ன காற்று! வானமே தெரியவில்லை. காக்கை திருடிய நூலை முள்மரத்தில் சும்மா பரப்பி வைத்திருந்தது. அது ஒரே வீச்சில் பறந்தது. “என் சிவப்பு நூல்! என் சிவப்பு நூல்!” என்று கத்திக்கொண்டே காக்கையும் பின்னால் ஓடியது.

தூக்கணாங்குருவிக் கூடு அங்கும் இங்கும் ஆடியது. ஒரு முடிச்சுகூட நழுவவில்லை.

காற்று ஓய்ந்தது. கூட்டுக்குள் கீச்சுக்கீச்சென்று பசிக் கூச்சல் கேட்டது. பெண்குருவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இந்த முடிச்சைக் கண்டுபிடிச்ச கை எந்த ஊர்க் கையோ, நல்லா இருக்கட்டும்ங்க!” என்றது.

அயலாரின் பொருளைப் பறித்தவனிடம் அது தங்காது. அவர்கள் கலையை மதித்துக் கற்று, தன் கலையையும் மனமுவந்து கொடுப்பவனின் குலமே தழைக்கும்.